எடுத்ததில் ஒரு கம்பி குறைவு

அந்தப் பெண்கள் பள்ளியில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். விசில் டீச்சர் என்று கேட்டால்தான் வாட்ச்மேனுக்கே புரியும். உடற்பயிற்சி ஆசிரியை. குட்டையான, கெட்டியான உடம்பு. வெயிலில் கறுத்த முகத்தில் தொப்பி மறைக்கும் நெற்றி மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் விசில் ஊதினால், அந்தக் கோடியில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருப்பவள் நிமிர்ந்துவிடுவாள். ஆசிரியர் அறையில் அவர் ரகசியம் சொன்னால் வராண்டா வரைக்கும் கேட்கும். அதனால் யாரும் அவரிடம் ரகசியம் சொல்வதில்லை.

அவருடைய கணவர் இதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தி, காது வலிக்காமல் வளைத்துக் கொடுக்கிற கடை. கடுகு அளவு திருகுகளோடு பழகிப் பழகிப் பேச்சும் சிறுத்துப் போயிருந்தது. மனைவியை அவரும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா மைதானம், அப்பா லைப்ரரி, தான் நடுவில் நிற்கிற காம்பவுண்டு சுவர் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

விளையாட்டுப் போட்டிக்கு முந்தின வாரம் அது நடந்தது. தடை ஓட்டத்துக்கான மரச்சட்டங்கள் சாமான் அறையின் பரணில் கிடந்தன. பியூன் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தார். வரட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருப்பது டீச்சருக்குக் கைவராத கலை. ஏணியைச் சாத்தி ஏறினார். இரண்டு சட்டங்களை இறக்கியாயிற்று. மூன்றாவதை இழுக்கும்போது ஏணியின் ஒரு கால் வழுக்கியது. இடுப்பு, கீழே இருந்த இரும்புக் குண்டுப் பெட்டியின் விளிம்பில் மோதியது. தலை சிமெண்டுத் தரையில்.

இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர். அசையாமல் படுத்தே கிடந்ததில் டீச்சரின் இடது கால் ஒருநாள் உரல் போல வீங்கிவிட்டது. தொடை ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார்கள்.

அப்போதுதான் மூன்றாவதாக ஒரு டாக்டர் வந்தார். மெலிந்த ஆள், சுறுசுறுப்பு. வழக்கமாக இதற்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்போம் என்று கணவரிடம் விளக்கினார். ஆனால் தலைக்குள் கசிவு இருக்கும்போது அந்த மருந்தைக் கொடுத்தால் கசிவு பெருகிவிடும். ஆகவே வயிற்று வழியாக இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயில் ஒரு சின்ன வலையை வைத்துவிடலாம். மெல்லிய கம்பிகளால் ஆனது, குடைக்கம்பி மாதிரி விரிந்து நிற்கும். காலிலிருந்து கட்டி கிளம்பினால் அதிலேயே தங்கிவிடும்.

"ஆயுசுக்கும் இருக்குமா டாக்டர்?" என்று கணவர் கேட்டார். அந்த ஒரு மாதத்தில் அவர் கேட்ட முக்கியமான கேள்வி அதுதான்.

"இல்லல்ல. தற்காலிகம்தான். ஆபத்து தாண்டினதும் கழுத்து வழியா எடுத்துடலாம். சின்ன வேலை."

வலை வைத்தார்கள். காலில் இருந்த கட்டி நகரவில்லையா, நகர்ந்து வலையில் சிக்கியதா, யாருக்கும் தெரியாது. டீச்சர் பிழைத்துக்கொண்டார். அதில் அந்த வலைக்குப் பங்கு உண்டு என்று டாக்டர்கள் எல்லோரும் சொன்னார்கள். டீச்சரும் பிற்பாடு, எவ்வளவு கோபத்தில் இருந்தபோதும், அதை மறுத்ததில்லை.

எடுக்க வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. போனார்கள். டீச்சர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்த சமயம். அன்றைக்கு எக்ஸ்ரே படம் பார்க்கிற மெஷின் பழுது, ரெண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். மறுபடி போனார்கள். மெலிந்த டாக்டர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார், அவர் இடத்துக்கு ஆள் வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. தலை டாக்டரைப் பார்க்கப் போனபோது கேட்டார்கள். அது என் வேலை இல்லையே, எலும்பு டாக்டரைக் கேளுங்கள் என்றார். எலும்பு டாக்டர், எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். தெருமுனை கிளினிக் டாக்டரோ, "நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர், சும்மா கிடக்கறதை எதுக்குக் கிளறணும்?" என்று கேட்டார். அந்தப் பேச்சு காதுக்கு இதமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசனையே பிடிக்காதவருக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் பிடித்துக்கொள்ளத்தானே தோன்றும்.

கைத்தடி போயிற்று. டீச்சர் மைதானத்துக்குத் திரும்பினார். பழையபடி ஓட முடியவில்லை, ஆனால் ஓடவைக்க முடிந்தது. வருஷங்கள் போயின. மகள் படிப்பை முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வயிற்றுக்குள் ஒரு வலை இருப்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். பரணில் ஏற்றிவைத்த பழைய பெட்டியைப் போல அதை யாரும் நினைப்பதில்லை.

பிறகு முதுகு வலி வந்தது. குனிந்து பந்தை எடுக்கும்போது வலதுபக்கம் உள்ளே ஆணி இறங்குகிற மாதிரி ஒரு வலி. வயசாகிறது, பழைய அடி, என்று டீச்சரே வைத்தியம் சொல்லிக்கொண்டார். தைலம் தேய்த்தார். பெல்ட் கட்டினார். அப்புறம் இரண்டு கால்களும் வீங்க ஆரம்பித்தன. சாயங்காலம் ஷூவைக் கழற்ற முடியாமல் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். கணவர் கடையிலிருந்து வந்து மண்டி போட்டு மெதுவாக உருவுவார்.

"ஏங்க, இது ஷூவா இல்ல என் கால்ல முளைச்சதா?" என்று டீச்சர் கேட்டார். கணவர் சிரிக்கவில்லை. வீங்கிய காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது, அது நிரம்ப வெகுநேரம் ஆயிற்று. மறுநாளே மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு அம்மாவை வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

முதுகெலும்புக்காக எடுத்த ஸ்கேன் அது. அதைப் பார்த்தவர் ஒரு இளம் டாக்டரம்மா. மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிற வட்டங்களுக்கு நடுவே பளீரென்று வெள்ளைக் கீற்றுகள்.

"இதை இன்னும் எடுக்கலையா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் நீளமானது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மகள்தான் மெஷின் பழுதானதிலிருந்து சொல்லத் தொடங்கினாள். டாக்டரம்மா பாதியிலேயே தலையாட்டினார். இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். வைக்கிறவர் ஒருவர், தொடர்ந்து பார்க்கிறவர் வேறொருவர், எடுக்கச் சொல்லி நினைவூட்ட யாரும் இல்லை.

நிலைமையை அவர் ஒளிக்கவில்லை. வலை சாய்ந்துவிட்டது. அதன் கம்பிகளில் சில ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து வெளியே நிற்கின்றன. ஒன்று முதுகெலும்பை உரசுகிறது, வலி அதனால்தான். வலையைச் சுற்றிக் குழாயும் சுருங்கியிருக்கிறது, காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வழி குறுகிவிட்டது, வீக்கம் அதனால். எடுத்தாக வேண்டும். முன்பே எடுத்திருந்தால் சுலபம். இப்போது சதை அதன் மேல் வளர்ந்திருக்கும்.

"எடுத்துடலாம்ல மேடம்?" என்று கணவர் கேட்டார்.

"முயற்சி பண்ணுவோம்" என்றார் டாக்டரம்மா.

அந்தச் சொல் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. முயற்சி பண்ணுவோம் என்பது தோற்கப்போகும் அணியின் பேச்சு என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் முயற்சிக்கு டீச்சருக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. கழுத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி. முகத்தை ஒருபக்கம் திருப்பிப் பச்சைத் துணியால் மூடினார்கள். துணியின் ஓரத்தில் கொஞ்சம் தரையும், யாரோ ஒருவரின் ரப்பர் செருப்பும் தெரிந்தன. அசையக்கூடாது என்றார்கள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. பிள்ளைகளுக்கு அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன அதே வார்த்தைகளை இப்போது முகம் தெரியாத ஒரு குரல் அவருக்குச் சொன்னது.

கழுத்து வழியாக இறக்கிய கம்பியால் வலையின் நுனியில் இருக்கும் கொக்கியைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தக் கொக்கிதான் அகப்படவில்லை. சாய்ந்து சாய்ந்து குழாய்ச் சுவருக்குள் புதைந்துபோயிருந்தது. துணிக்கு அந்தப்பக்கம் டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது டீச்சருக்குக் கேட்டது. இன்னொரு தடவை. இன்னும் கொஞ்சம் கீழே. வேண்டாம், சுவரும் சேர்ந்து வருகிறது. ஒரு இழுப்பில் முதுகுக்குள் வலி பிடுங்கியது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அசைந்துவிடுவோமோ என்று பயம்.

வெகுநேரம் கழித்து எல்லாம் அமைதியானது.

"வந்துருச்சா?" என்று துணிக்கு அடியிலிருந்து கேட்டார்.

"இல்ல டீச்சர். நிறுத்திட்டோம். இதுக்கு மேல இழுத்தா குழாய் கிழிஞ்சுடும்."

வெளியே வராண்டாவில் கணவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டடி முன்னால் போய், வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் பின்னால் வந்தார். டீச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவருடைய கழுத்தில் பெரிய கட்டு. கணவர் அதைப் பார்த்து, காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டீச்சருக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் அழுதது அந்த ஒரு தடவைதான்.

மகளுக்குக் கோபம் வந்தது. பழைய ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டே ஆக வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எல்லாம் மாறியிருந்தது. கட்டடத்துக்குப் புதுப் பெயின்ட், புது லிஃப்ட். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு மகளைவிடவும் சின்ன வயது. மகள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வலை வைக்கிற அந்தப் பிரிவே இப்போது இங்கே இல்லை என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள், அதுதான் தொல்லை. அவள் மேல் எப்படிக் கோபப்படுவது? மகள் யாரையாவது பார்க்க வேண்டும் என்றாள். யாரைப் பார்க்கணும் என்று அந்தப் பெண் கேட்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். மெலிந்த டாக்டரின் முகம்கூட அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. அவர் கண்ணாடி போட்டிருந்தார், காதுக்கம்பி சரியாக வளைக்காத ஃப்ரேம் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இருவரும் புது லிஃப்டில் ஏறாமல் படியிறங்கி வெளியே வந்தார்கள்.

கடினமான வலைகளை எடுப்பதில் கைதேர்ந்த ஒருவர் வேறொரு நகரத்தில் இருப்பதாக டாக்டரம்மா சொல்லி, அவரே பேசி ஏற்பாடும் செய்தார். முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் டீச்சரின் குரல் தணிந்துபோனது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், எங்கே இடித்துக்கொண்டாலும் நீலம் பாய்ந்தது. தும்மப் பயம். குனியப் பயம். உள்ளே இருக்கும் கம்பி எப்போது எதைக் குத்தும் என்று பயம். மைதானத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் ஜன்னலோரம் நேராக முதுகை வைத்து உட்கார்ந்திருப்பார். கணவர் தினமும் இரண்டு தடவை கடையைப் பூட்டிவிட்டு வந்து எட்டிப்பார்த்துப் போவார்.

"என்ன, நான் இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?"

"திருகாணி மறந்துட்டேன்."

"வீட்ல ஏது திருகாணி?"

அவர் எதையாவது தேடுகிற மாதிரி அலமாரியைத் திறந்து மூடிவிட்டுப் போவார்.

அந்த நகரத்தின் பெரிய டாக்டருக்கு நரைத்த தலை, தாழ்ந்த குரல். அவர் எதையும் சுலபம் என்று சொல்லவில்லை. கொக்கி வேண்டாம், இடுக்கியால் வலையின் கழுத்தையே பிடித்து, அதன் மேல் ஒரு குழலை இறக்கி, சதையிலிருந்து பிரித்து உள்ளே மடக்கி எடுப்பேன் என்றார். குழாய் கிழியலாம். கம்பி உடையலாம். எடுக்காமல் விட்டால் இதைவிட மோசமாகலாம். இரண்டு பக்கமும் ஆபத்து, நான் எடுப்பதைத்தான் சொல்வேன், முடிவு உங்களுடையது.

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் டீச்சரைப் பார்த்தார். பெரிய டாக்டர் இருவருக்கும் யோசிக்க நேரம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

"என்னங்க சொல்றீங்க?"

"எனக்கு என்ன தெரியும் டீச்சர்."

"எனக்கு மட்டும் தெரியுமா? யாராவது ஒருத்தர் சொல்லியாகணும்."

கணவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் டீச்சர்தான், "எடுத்துடலாம்" என்றார். மைதானத்தில் ஒரு அணியைத் தேர்ந்தெடுக்கும்போது வருகிற உறுதி அதில் இல்லை. யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்.

இந்தத் தடவை முழு மயக்கம். வராண்டாவில் அப்பாவும் மகளும். மகள் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அப்பா எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறை பற்றிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு வண்டி வந்து போயிற்று. அடுத்த அறையில் கால் உடைந்தவர் ஒருவர் செருப்பு தேடிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து தேடிக் கொடுத்தார். செய்யக்கூடிய ஒரு காரியம் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம்.

பெரிய டாக்டர் வெளியே வந்தபோது அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம். வலை அதில் கிடந்தது. விரல் நீளம் கூட இல்லை. சதைத் துணுக்குகள் ஒட்டி, ஒரு பக்கம் கோணலாக. இவ்வளவுதானா என்று மகளுக்குத் தோன்றியது. அப்பாவோ, வாழ்நாளெல்லாம் சின்னச் சின்னக் கம்பிகளைப் பார்த்த பழக்கத்தில், குனிந்து கம்பிகளை எண்ணத் தொடங்கினார்.

டாக்டர் அவர் எண்ணும் வரை காத்திருக்கவில்லை. அவரே சொன்னார். வலை வந்துவிட்டது. குழாய் பத்திரம், சுருங்கிய இடத்தைப் பலூன் வைத்து விரித்தும் ஆயிற்று. ஆனால் வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து நைந்திருந்த ஒரு கம்பி, இழுக்கும்போது ஒடிந்துவிட்டது. ஒடிந்தது ரத்தத்தோடு மேலே போய், இதயத்தைத் தாண்டி, நுரையீரலில் ஒரு சிறு கிளையில் போய் நின்றுவிட்டது. அதைத் துரத்திப் பார்த்தோம், எட்டவில்லை. துரத்தத் துரத்த ஆபத்து. அங்கேயே விட்டிருக்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வருஷம் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரும்பாலும் என்ற வார்த்தை மகளுக்கு உறைத்தது. அப்பாவுக்கு நுரையீரல் என்ற வார்த்தை. எந்த இடத்துக்கு எதுவும் போய்விடக் கூடாது என்று அந்த வலையை வைத்தார்களோ அந்த இடம்.

மறுநாள் டீச்சர் தெளிந்து உட்கார்ந்த பிறகு பெரிய டாக்டர் அவரிடமும் அதையே சொன்னார். ஒளிக்காமல், அவசரப்படாமல், கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். டீச்சர் முழுவதும் கேட்டார்.

"எடுக்கறதுக்கு வந்தேன். இடம் மாத்தி வச்சிருக்கீங்க" என்றார்.

டாக்டர் தலை குனிந்தார். "ஆமா" என்றார். போகும்போது, மன்னிச்சுக்குங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள். அதுவும், இருப்பவர்களிலேயே தப்பு குறைவாகச் செய்தவர்.

முதுகு வலி போய்விட்டது. கால் வீக்கம் பாதி வடிந்தது. மீதிக்கு இறுக்கமான காலுறை, முழங்கால் வரை. பள்ளியில் இன்னொரு பெண் உடற்பயிற்சி ஆசிரியையாக வந்தாள். டீச்சருக்கு அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கிற வேலை கொடுத்தார்கள். தலைமை ஆசிரியை நல்ல மனதோடுதான் செய்தார். அந்த மேஜையின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்திருந்தது. டீச்சர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மூச்சு கொஞ்சம் பலமாக வாங்கினால் கை தானாக நெஞ்சுக்குப் போகும். மாடிப்படி ஏறினால் எல்லோருக்கும் வாங்குகிற மூச்சா, அந்தக் கம்பியின் வேலையா? கேட்டால் டாக்டரம்மா, அது இல்லை டீச்சர், சாதாரண மூச்சுதான் என்பார். டீச்சர் தலையாட்டுவார். நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

வருஷம் ஒருமுறை எக்ஸ்ரே. இந்த வருஷமும் போய் வந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார். அதே இடத்தில்தான் இருக்கிறது, நகரவில்லை என்றார்கள். அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். வெளியே வந்து இருவரும் பஸ் ஏறினார்கள். கூட்டம் இல்லை. ஜன்னலோரம் டீச்சர், பக்கத்தில் கணவர்.

கொஞ்ச தூரம் போனதும் டீச்சர், "கோவப்படறதுக்காவது ஒரு ஆளு வேணும்ங்க" என்றார். "அந்த மெஷின் மேல கோவப்படறதா? வெளிநாடு போனவர் மேலயா? கூப்பிடறோம்னு சொன்ன பொண்ணு மேலயா? எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாத்திருக்காங்க."

கணவர் பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என்னைத் திட்டேன்" என்றார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "உங்களையா? எதுக்கு?"

"எதுக்காவது."

டீச்சர் யோசித்தார். மனதார யோசித்தார். பிறகு, போன வாரம் கடை ஷட்டரை ஒழுங்காகப் பூட்டாமல் வந்ததை எடுத்தார். பூட்டுப் போட்டால் இழுத்துப் பார்க்க வேண்டாமா, பக்கத்துக் கடைக்காரர் பார்த்துச் சொன்னதால் பிழைத்தோம், நாளைக்கு எவனாவது உள்ளே புகுந்து லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று ஆரம்பித்தார். குரல் ஏறியது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நடுவில் ஒருமுறை மூச்சு முட்டி, கை நெஞ்சுக்குப் போய், நிறுத்தினார்.

கணவர் காத்திருந்தார். "அப்புறம்?" என்று கேட்டார்.

டீச்சர் மீதியைச் சொல்லத் தொடங்கினார்.